பழைய பாய்மரப் படகைக் கைக்குழந்தைக்காகச் சீர்செய்தவர்கள், மனதை விட்டுப் போகாத ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள்

உப்புக்காற்று எழுதியது:

எங்கள் படகு எழுபதுகளின் கடைசியில் கட்டியது, 32 அடி, ஃபைபர்கிளாஸ். வாங்கிய கதை, பேரம் பேசிய கதை எல்லாம் வேண்டாம், எல்லாரும் அதைத் தாண்டித்தான் வந்திருப்பீர்கள். பின்பக்கத்துக் குவார்ட்டர் பெர்த் என்ற படுக்கையைப் பாப்பாவுக்கு என்று ஒதுக்கியிருந்தோம். மெத்தையை எடுத்துவிட்டுப் பலகையைத் தூக்கினால் கீழே காக்பிட் (படகை ஓட்டுபவர் உட்காரும் திறந்த பள்ளம்) வடிகாலின் சீகாக், அதாவது படகின் உடலில் உள்ள துளையைத் திறந்து மூடும் வால்வு. கைப்பிடி சுலபமாகத் திரும்பியது, படகைச் சோதித்தவரும் 'நன்றாக இயங்குகிறது' என்றே அறிக்கையில் எழுதியிருந்தார். படகு கரையில் ஏற்றி வைத்திருந்த சமயம். ஹோஸ் மாட்டுகிற அந்த வால் பகுதியை என் மனைவி ஸ்குரூடிரைவர் முனையால் சும்மா சுரண்டினாள். மஞ்சளாக இருக்க வேண்டிய இடம் ரோஜா நிறத்தில் இருந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தினாள், பொலபொலவென்று உதிர்ந்து பாதி அவள் கையோடு வந்துவிட்டது.

பித்தளையிலிருந்து துத்தநாகம் உப்புத்தண்ணீரில் கரைந்து போனால் கடைசியில் மிஞ்சுவது சல்லடையாகிப்போன செம்புதான். வெளியே பார்த்தால் தெரியாது. அது இருந்தது நீர்மட்டத்துக்குக் கீழே, அதற்கு நேர் மேலே பாப்பா படுக்கப் போகிற மெத்தை. சீகாக்குகளுக்கான ஐஎஸ்ஓ 9093 தரத்தின் 1994 பதிப்பில் 'அரிப்பைத் தாங்கும் உலோகம்' என்று சொல்ல 5 வருடம் கெடாமல் இருந்தாலே போதும் என்று இருந்தது பலருக்குத் தெரியாது, அதனால்தான் சொல்கிறேன். எல்லாவற்றையும் வெண்கலத்துக்கு மாற்றினோம், உடைந்தால் துளையை அடைக்க ஒவ்வொன்றின் பக்கத்திலும் கூம்பு வடிவ மர ஆப்பு ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டோம். அந்த ரோஜா நிறம் மட்டும் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. உங்களுக்கும் இப்படி ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

வாடைக்காற்று எழுதியது:

எனக்கு இன்னும் ஆறாதது ஒரு மனிதர் சொன்ன ஒரு வார்த்தை.

படகு, பழுதுபார்க்கும் யார்டில் ஸ்டாண்டில் நின்றது. நாங்கள் அடிப்பக்கத்து ஆண்டிஃபௌலிங் பெயிண்டை (பாசியும் சிப்பியும் ஒட்டாமல் இருக்கப் பூசும் நச்சுப் பெயிண்ட்) தண்ணீர் தெளித்துத் தெளித்துத்தான் தேய்த்துக்கொண்டிருந்தோம், கீழே பிளாஸ்டிக் விரிப்பு, முகத்தில் நுண்தூசியை வடிகட்டும் பி3 மாஸ்க். மனைவியும் குழந்தையும் காற்று வரும் பக்கமாகத் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். மதியம் காற்று திரும்பியது. அதே நேரத்தில் இரண்டு படகு தள்ளி ஒருவர் மெஷினைப் போட்டுக் காய்ந்த பெயிண்டை அப்படியே தேய்க்க ஆரம்பித்தார், உறிஞ்சும் குழாய்கூட மாட்டவில்லை. நான் போய்ப் பார்க்கும்போது குழந்தை வண்டியின் வெள்ளைத் துணி மூடியில் கருஞ்சிவப்புத் தூள், விரலால் கோடு இழுத்தால் தடம் தெரிகிற அளவுக்குப் படிந்திருந்தது. குழந்தை அந்த மூடியின் ஓரத்தை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது.

அவரிடம் போய்ச் சொன்னேன். 'பெயிண்ட்தானே, கழுவினால் போய்விடும்' என்றார்.

பெயிண்ட்தானா? நாற்பது வருடப் படகில் மேல் அடுக்குதான் புதுசு. அதற்குக் கீழே என்ன என்று யாருக்குத் தெரியும்? சிறிய படகுகளில் டிபிடி (ட்ரைபியூட்டைல்டின் என்ற நச்சு வேதிப்பொருள்) கலந்த பெயிண்டை பிரான்ஸ் 1982-இலும் பிரிட்டன் 1987-இலும் தடை செய்தன, உலகம் முழுக்கக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் 2008-இல்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முன்னால் பூசியது எல்லாம் அடியில் அப்படியே உட்கார்ந்திருக்கலாம். பழைய கீலில் (படகின் அடியில் உள்ள கனமான துடுப்பு) செந்நிற ஈய பிரைமர் இருந்தால் அது தனி. ஈயத்தில் குழந்தைக்கு இவ்வளவு வரை பரவாயில்லை என்று ஓர் அளவே கிடையாது. மருத்துவரிடம் காட்டி ரத்தப் பரிசோதனை செய்தோம், நல்லவேளை ஒன்றுமில்லை. அந்த 'பெயிண்ட்தானே' மட்டும் காதில் ஒலித்துக்கொண்டே இருக்கிறது.

நீலத்திரை எழுதியது:

எங்களுடையது தூக்க விஷயம். குழந்தையின் கார் சீட்டை மாஸ்ட் (பாய்மரக் கம்பம்) அடியில், கேபின் தரையில் இரண்டு பட்டையால் இழுத்துக் கட்டியிருந்தார் என் கணவர். படகில் அசைவு குறைவான இடம் அதுதான், நடுவில், தாழ்வாக. கட்டியதும் நன்றாகத்தான் இருந்தது, சீட்டைப் பிடித்து உலுக்கினால் படகே ஆடும். புறப்பட்டுக் கொஞ்ச நேரத்தில் பக்கவாட்டு அலை, படகு நன்றாகச் சாய்ந்து ஓடியது, குழந்தை அந்த ஆட்டத்தில் தூங்கிப்போனாள். நான் மேலே காக்பிட்டில் இருந்தேன். ஏனோ கீழே பார்க்க வேண்டும் என்று தோன்றியது. தாடை நெஞ்சில் புதைந்திருந்தது. உதடு சற்றே வெளிறியிருந்தது. மூச்சில் ஒரு மெல்லிய கரகரப்பு, எஞ்சின் ஓடியிருந்தால் எனக்குக் கேட்டிருக்காது. தலையை நிமிர்த்தியதும் ஒரு பெரிய மூச்சு இழுத்துவிட்டு அழுதாள். அந்த அழுகையைப் போல இனிமையான சத்தத்தை நான் கேட்டதே இல்லை.

கச்சான் எழுதியது:

நீலத்திரை அக்கா, குழந்தை நலம் என்பதில் சந்தோஷம், ஆனால் கார் சீட்டைப் படுக்கையாக வைக்கவே கூடாது என்று இதைப் படிக்கிறவர்களுக்கு அழுத்திச் சொல்ல வேண்டும். கரையிலேயே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்கிறார்கள், அதுவும் சீட் அதற்குரிய கோணத்தில் இருக்கும்போது. படகு சாய்ந்தால் அந்தக் கோணமே போய்விடுகிறது, கழுத்து நிற்காத குழந்தைக்குத் தலை முன்னால் விழுந்து மூச்சுக்குழல் மடங்கும். என் மகன் பிறந்தபோது நாங்கள் பைலட் பெர்த் என்ற பக்கவாட்டுப் படுக்கையைச் சுருக்கினோம், அது பெரிய கதை இல்லை, நடுவில் ஒரு தடுப்புப் பலகை வைத்தோம், நிம்மதியாகத் தூங்கினான், அவ்வளவுதான்.

எப்படிச் செய்வது என்று யாரும் கேட்கவில்லை, ஆனாலும் எழுதிவிடுகிறேன். குழந்தை மல்லாக்கப் படுக்க வேண்டும், மெத்தை கெட்டியாக, சமமாக இருக்க வேண்டும். படகில் வருகிற பழைய பஞ்சு மெத்தை இரண்டுக்கும் ஆகாது, கைமுட்டியால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். மூடிய துளையுள்ள கெட்டி ஃபோம் வாங்கி பெர்த் அளவுக்கு இடைவெளியே இல்லாமல் வெட்டுங்கள், ஓரத்தில் இரண்டு விரல் நுழைந்தாலே அது அதிகம். லீ கிளாத் (படகு சாயும்போது படுக்கையிலிருந்து உருண்டு விழாமல் ஓரத்தில் கட்டும் துணித் தடுப்பு) பெரியவர்களுக்கு அருமையான பொருள், ஆனால் கான்வாஸ் லீ கிளாத்தில் குழந்தையைப் போட்டால் துணி தொய்ந்து முகத்தோடு ஒட்டும், அல்லது துணிக்கும் மெத்தைக்கும் நடுவில் குழந்தை வழுக்கி மாட்டும். அதனால் வலைத்துணி வாங்கி, கீழ் விளிம்பை மெத்தைக்குக் கீழே பலகையோடு சேர்த்து நீளமான மரச்சட்டம் வைத்து ஸ்குரூ போட்டு, மேலே இரண்டு முனையையும் விறைப்பாகக் கட்டுங்கள். தலையணை, பஞ்சுத் திண்டு, போர்வைச் சுருள் எதையும் 'ஆடாமல் இருக்க' என்று பக்கத்தில் திணிக்காதீர்கள். பலத்த சாய்வில் குழந்தையை அங்கே தனியாக விடாதீர்கள், ஒருவர் கையில் இருக்க வேண்டும். அப்படி ஒருவர் குழந்தையோடு இருந்தால் படகை ஓட்ட ஒருவர்தான் மிச்சம், ஆகவே பாய் இறக்குவது, ரீஃப் போடுவது (பலத்த காற்றில் பாயைச் சுருக்கிக் கட்டுவது) எல்லாம் தனி ஆளாகக் காக்பிட்டிலிருந்தே செய்யும்படி கயிறுகளைப் பின்னால் கொண்டுவாருங்கள். சீர்செய்யும் வேலையில் குழந்தைக்கு என்று செய்வதில் முதல் இடம் இதற்குத்தான். பெர்த் கூட இரண்டாவதுதான்.

நீலத்திரை எழுதியது:

கச்சான் அண்ணா, நீங்கள் சொன்னது சரி. அந்தப் பயணத்தோடு கார் சீட் கரைக்குப் போய்விட்டது.

சுக்கான்பிடி எழுதியது:

இந்த இழையில் யாரும் கார்பன் மோனாக்சைடைத் தொடவில்லை, எனக்கு அதுதான். இதிலே வேடிக்கை என்னவென்றால் அது எங்கள் படகின் புகையே இல்லை. காற்றில்லாத இரவு, ஒதுக்குப்புறமான நங்கூரத்துறை, எங்கள் பக்கத்தில் இன்னொரு படகைக் கட்டிக்கொள்ள அனுமதித்தோம், பழக்கமானவர்கள்தான். அவர்கள் டெக்கில் சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர் ஓடியது. எங்கள் முன்பக்க ஹேட்ச் (டெக்கில் உள்ள கூரைக் கதவு) திறந்திருந்தது. நடு இரவில் அலாரம் கத்தியது. எழுந்ததும் தலை பாரம், வாய் குழறியது. மனைவி குழந்தையைத் தூக்கினாள். குழந்தையின் கை அவள் தோளிலிருந்து கீழே தொங்கியது, பிடிப்பே இல்லாமல். தூக்கத்தில் குழந்தை அப்படி இருக்கும் என்று சொல்வீர்கள். இல்லை. தூக்கத்தில் கூட சட்டையைப் பற்றிக்கொள்கிற குழந்தை அது.

காக்பிட்டுக்குக் கொண்டுவந்து, ஜெனரேட்டரை நிறுத்தச் சொல்லிக் கத்தி, வெளிக்காற்றில் வைத்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் கண் திறந்து பால் தேடினான். அப்படியே ரேடியோவில் உதவி கேட்டு, ஆக்ஸிஜன் கொடுத்து, மருத்துவமனை. பிழைத்தோம்.

இந்த வாயு ரத்தச் சிவப்பணுவோடு ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் பலமாக ஒட்டிக்கொள்ளும், மணம் கிடையாது, குழந்தை வேகமாக மூச்சு விடுவதால் அதற்குச் சீக்கிரம் ஏறும். வீட்டுக்கு விற்கும் அலாரத்தை வாங்கி மாட்டாதீர்கள், படகுக்கும் கேரவனுக்குமான ஈஎன் 50291-2 தரம் பார்த்து வாங்குங்கள், ஒவ்வொரு படுக்கை அறையிலும், படுத்தால் தலை இருக்கும் மட்டத்தில் ஒன்று. சமையல் கேஸ் அலாரம் வேறு, அதைத் தாழ்வாக, பில்ஜுக்கு (படகின் அடித்தளப் பள்ளம்) கிட்டே வைக்க வேண்டும், அந்த கேஸ் காற்றைவிடக் கனம் என்பதால் அங்கேதான் போய் உட்காரும். இரண்டையும் ஒரே உயரத்தில் மாட்டியிருப்பதைப் பல படகுகளில் பார்க்கிறேன்.

அணியம் எழுதியது:

எல்லாரும் உள்ளே பேசுகிறீர்கள். எனக்கு டெக். ஒரு வயதுக் குழந்தையின் உயரம் சுமார் 75 செ.மீ. பழைய படகில் டெக் ஓரத்தைச் சுற்றி வரும் லைஃப்லைன் கம்பி 450 மி.மீ. உயரம், தரத்தில் சொல்லும் இன்னோர் உயரம் 600 மி.மீ. அதாவது உங்கள் குழந்தைக்கு மார்பு அல்லது முகவாய் வரை. அந்தக் கம்பியைத் தாங்கும் ஸ்டான்ஷன் தூண்களை மாற்றாமல் 'வலை கட்டிவிட்டோம், இனி பிரச்சினை இல்லை' என்று சொல்பவர்களுக்காகவே எழுதுகிறேன்.

நாங்கள் வலை கட்டினோம், கண்ணுக்குக் கண் முடிச்சு போட்டு, பார்க்கவே அழகாக இருந்தது. நங்கூரத்தில் நிற்கும்போது என் மகள் நடக்கப் பழகியிருந்தாள். வலையின் கண்ணில் கால் பெருவிரலை வைத்து ஒன்று, இரண்டு என்று ஏறினாள். ஹார்னஸின் பட்டை இழுத்துப் பிடித்தது, அதன் கொக்கி ஜாக்லைனில் (ஹார்னஸை மாட்ட டெக் நெடுகக் கட்டிய பட்டை) 'டக்' என்று நின்ற சத்தம் எனக்கு அடிவயிற்றில் கேட்டது. வலை பொம்மையும் செருப்பும் தண்ணீரில் விழாமல் இருக்க. குழந்தை விழாமல் இருக்க ஹார்னஸ், அதுவும் பட்டை அவ்வளவு குட்டையாக இருக்க வேண்டும், கம்பியைத் தாண்டவே முடியாத அளவுக்கு.

வாடைக்காற்று எழுதியது:

அணியம், வலை வேண்டாம் என்கிறீர்களா? எனக்கு அது சரியாகப் படவில்லை. தவழும் வயதில் கீழ்க்கம்பிக்கு அடியில் உருண்டு போவதுதான் ஆபத்து, அதை வலை தடுக்கிறது.

அணியம் எழுதியது:

வேண்டாம் என்று சொல்லவில்லை, அதை நம்பாதீர்கள் என்கிறேன். தவழும்போது வலை, நிற்க ஆரம்பித்ததும் ஹார்னஸ். அப்புறம் கம்பேனியன்வே வாஷ்போர்டு, அதாவது காக்பிட்டிலிருந்து கேபினுக்கு இறங்கும் வாசலை அடைக்கும் பலகைகள். 1979 ஃபாஸ்ட்நெட் போட்டிப் புயலில் 303 படகுகள் புறப்பட்டு 15 போட்டியாளர்கள் இறந்தார்கள், அதன் விசாரணையில் வெளிவந்த விஷயங்களில் ஒன்று படகு கவிழ்ந்தபோது வாஷ்போர்டு கழன்று விழுந்து தண்ணீர் உள்ளே புகுந்தது. உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் திறக்கிற தாழ்ப்பாள் போடுங்கள். கடலில் தண்ணீருக்குத் தடுப்பு, நங்கூரத்தில் குழந்தைக்குத் தடுப்பு. கீழ்ப்பலகையை நிரந்தரமாக மாட்டி வைத்தால் குழந்தை படியில் ஏறவே முடியாது.

தென்றல்முனை எழுதியது:

எல்லாரும் மன்னியுங்கள், ஆனால் இவ்வளவு ஆபத்தையும் எழுதிவிட்டு ஏன் கூட்டிப் போகிறீர்கள்? 2014 ஏப்ரலில் மெக்சிகோ கரையிலிருந்து சுமார் 900 மைல் தள்ளி ஒரு குடும்பம், ஒரு வயதுக் குழந்தைக்குக் காய்ச்சல், மருந்து கேட்கவில்லை, படகில் சுக்கான் கோளாறு வேறு. விமானத்திலிருந்து மீட்பு வீரர்கள் குதித்தார்கள், பின்னால் அமெரிக்கப் போர்க்கப்பல் வந்து ஏற்றியது, படகை மூழ்கடித்துவிட்டார்கள். குழந்தைக்கு ஒரு வயது வரை கரையிலேயே இருங்கள், அதுதான் என் கருத்து.

உப்புக்காற்று எழுதியது:

அந்தச் சம்பவத்தை நானும் படித்தேன். அதில் எனக்குப் படுவது குழந்தையோடு போனார்கள் என்பதைவிட, நடுப்பெருங்கடலில் மருத்துவ உதவி எட்டாத தூரத்தில் இருந்தார்கள் என்பது. கரையோரமாக, பகலில், ஒரு துறையிலிருந்து அடுத்த துறைக்கு என்று போகும் நமக்கும் அதற்கும் நிறைய வித்தியாசம். ஆனால் நீங்கள் சொன்னதிலிருந்து ஒரு பாடம் எடுத்துக்கொள்கிறேன், 406 மெகாஹெர்ட்ஸ் பீக்கனை (ஆபத்தில் செயற்கைக்கோள் வழியாக உதவி கேட்கும் கருவி) பதிவு செய்யும்போது படகில் கைக்குழந்தை இருக்கிறது என்று எழுதி வைக்க வேண்டும். மீட்க வருகிறவர்கள் அதற்கேற்றபடி வருவார்கள்.

கச்சான் எழுதியது:

பீக்கன் எல்லாம் சரி, நான் கடைசியாக ஒரு சின்ன விஷயம். எங்கள் கேபினில் ஒரு நாற்றம் போகவே இல்லை. கழிப்பறை, டாங்க், பில்ஜ் எல்லாம் கழுவினோம். குழந்தை வாந்தி எடுத்துக்கொண்டே இருந்தது, இரண்டு வயதுக்குக் கீழே குழந்தைகளுக்குக் கடல் பயணக் குமட்டல் அபூர்வம் என்று தெரியும், அதனால்தான் எனக்கு நாற்றத்தின் மேல் சந்தேகம். ஒரு பழைய யார்டு மெக்கானிக் சொன்னார், வெந்நீரில் நனைத்த துணியைப் பிழிந்து ஹோஸைச் சுற்றி வை, துணி ஆறியதும் மோந்து பார். மோந்தேன். நான்கு ஹோஸில் மூன்று சும்மா இருந்தது, நான்காவது துணி முகத்துக்கு நேராகவே அடித்தது. ஹோஸில் ஓட்டை இல்லை, ஒழுகல் இல்லை, பழைய பிவிசி சுவர் வழியே நாற்றம் கசிகிறது. அதை வெட்டி எடுத்து, கழிவுநீருக்கென்றே வரும் தடித்த ஹோஸ் போட்டோம், தாழ்ந்து தொங்கித் தண்ணீர் தேங்கும் வளைவு இல்லாதபடி. அன்றிரவு குழந்தை முழு பாலும் குடித்தது, வாந்தி இல்லை.

உங்கள் ஹோஸ்களைத் துணி வைத்துப் பாருங்கள், வெந்நீர் நல்ல சூடாக இருக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் துணி.