குரோம் பாஸ்வேர்டு ஃபயர்பாக்ஸுக்கு ஏத்தினதில் பி.எஃப். லாகின் மட்டும் எடுக்கலை

சத்துவாச்சாரி:
ஆடிட்டர் ஆபீஸ் சிஸ்டம் மாத்துறோம். பழைய குரோமில் ஆம்பூர், பேரணாம்பட்டு தோல் யூனிட் ஆட்களோட பி.எஃப்., ஜிஎஸ்டி லாகின் 180 இருக்கு. சிஎஸ்வியா (வெறும் எழுத்தா இருக்கிற பட்டியல் ஃபைல்) எடுத்து, எக்ஸெல்லில் டூப்ளிகேட் நீக்கி சேவ் பண்ணி, ஃபயர்பாக்ஸில் ஏத்தினேன். ஜிஎஸ்டி ஓடுது. யுஏஎன் (பி.எஃப். உறுப்பினர் எண்) போடுற லாகின் ஒண்ணுகூட எடுக்கலை.

காட்பாடி:
எக்ஸெல் வேலை சார். அந்த ஃபைலை நோட்பேடில் திறங்க. யுஏஎன் 12 இலக்கம். எக்ஸெல் அதை எண்ணா எடுத்து, '1.01E+11'னு சுருக்கி அப்படியே எழுதிடும். பத்து பேர் யுஏஎன்னும் ஒரே மாதிரி ஆயிடும். 0-ல தொடங்குற பாஸ்வேர்டில் அந்த 0 போயிடும், 12-5-98 தேதியாயிடும். இழந்த இலக்கத்தை அந்த ஃபைலில் மீட்க முடியாது, குரோமில் இருந்து திரும்ப எடுங்க: மூணு புள்ளி, கூகுள் பாஸ்வேர்ட் மேனேஜர், செட்டிங்ஸ், டவுன்லோட் ஃபைல். டூப்ளிகேட்டை நோட்பேடில் நீக்குங்க.

சத்துவாச்சாரி:
ஆமா சார், எல்லாம் 1.01தான். ஆனா திரும்ப எடுக்க குரோம் விண்டோஸ் பின் நம்பர் கேட்குது. அது தெரிஞ்ச பையன் பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை போயிருக்கான். குரோம் ஃபோல்டரை அப்படியே காப்பி பண்ணலாமா?

காட்பாடி:
வேலைக்காகாது. குரோம் பூட்டுற சாவி அந்த விண்டோஸ் யூசரோட கட்டியிருக்கு, வேற சிஸ்டத்தில் திறக்காது. பையன் வரட்டும். அவசரப்பட்டு வேற அட்மின் அக்கவுண்டில் இருந்து அந்த யூசரோட விண்டோஸ் பாஸ்வேர்டை ரீசெட் பண்ணிடாதீங்க, சேவ் ஆனதெல்லாம் போயிடும். பழையது ஃபயர்பாக்ஸா இருந்திருந்தா அதோட ப்ரொஃபைல் ஃபோல்டரைக் காப்பி பண்ணினாலே போதும்.

வாலாஜா:
ரெண்டு விஷயம். ஃபயர்பாக்ஸில் ஏறின தப்பு லாகின் தானா போகாது, நீக்கிட்டு புது ஃபைலை ஏத்துங்க. அப்புறம், சிஎஸ்வியில் எல்லாம் வெறும் எழுத்து, பூட்டு கிடையாது. வாட்ஸ்அப்பில் அனுப்பாம பென் டிரைவில் கொண்டு போங்க. வேலை முடிஞ்சதும் ஷிப்ட்+டெலீட். டெஸ்க்டாப் ஒன்டிரைவோட சேர்ந்திருந்தா அங்கேயும் பாருங்க. பழைய குரோமில் சின்க் ஆன் ஆயிருந்தா 'எல்லாத்தையும் டெலீட்' கொடுத்தா, அதே அக்கவுண்ட் உள்ள மொபைலிலும் அழியும். முதல்ல சைன் அவுட்.

சத்துவாச்சாரி:
பையன்கிட்ட போன்லயே பின் நம்பர் வாங்கி, குரோமில் இருந்து திரும்ப எடுத்துட்டேன். நோட்பேடில் யுஏஎன் முழுசா தெரியுது. ஏத்திட்டேன், பி.எஃப். ஓடுது.