தறியை விட்ட அப்பாவுக்குப் பொழுது போகவில்லை, மதுரை செல்லூர் பக்கம் விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

அப்பாவுக்கு வயது 67. செல்லூரில் துண்டு நெய்யும் விசைத்தறியில் ஆயுசு முழுக்க நின்றவர். முழங்கால் வலியால் போன தீபாவளியோடு வேலையை விட்டார். அதிலிருந்து வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. பகலெல்லாம் தூங்குகிறார். ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து, ஃபேன் சத்தம் சரியில்லை என்று ஸ்டூல் தேடுகிறார். அம்மாவோடு ரசத்துக்கு உப்பு பற்றித் தினமும் பஞ்சாயத்து. டாக்டரிடமும் காட்டினோம். சர்க்கரை, பிரஷர் பிரச்சினை இல்லை, பகல் தூக்கத்தைக் குறைக்கச் சொன்னார். குறைத்துவிட்டு என்ன செய்வது?

டிவி செய்தி பார்த்தால் கோபம்தான் வருகிறது. போனில் ரீல்ஸ் பார்த்துக் கண் எரிச்சல். புதுநத்தம் ரோட்டில் 2023ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குக் கூட்டிப் போனேன். ஏசி பிடித்திருந்தது, பேப்பரை முடித்ததும் "கிளம்புவோமா" என்றார். தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்க முழங்கால் விடவில்லை.

பக்கத்து வீட்டுப் பெரியவரோடு திண்ணையில் ஆடுபுலி ஆட்டம் ஆடிய வரைக்கும் ஆள் நன்றாக இருந்தார். அந்தப் பெரியவர், மகள் வீட்டோடு இருக்கத் திருமங்கலம் போய்விட்டார். என்னோடு ஆடச் சொன்னால், நான் வேண்டுமென்றே தோற்கிறேனாம்!

கைக்கு வேலையும் பேச்சுத் துணையும் வேண்டும், சம்பளம் முக்கியமில்லை. செல்லூர், தத்தனேரி, கோரிப்பாளையம் சுற்றுவட்டாரத்தில், காலையில் ரெண்டு மூன்று மணி நேரம் பெரியவர்கள் சேர்ந்து உட்கார்ந்து ஏதாவது செய்கிற இடம் எங்கே இருக்கிறது?