பான்ஷீயை அடக்க ஒரு பல் போதுமாம்!

சேற்றுக்கால்:
என்னிடம் இருப்பது யமஹா பான்ஷீ, நான்கு சக்கர டூ-ஸ்ட்ரோக் குவாட் வண்டி. போன வாரம் ஆர்டி_கிறுக்கன் அண்ணன் ஓர் அருள்வாக்கு சொன்னார். "யமஹா பான்ஷீயை டிரெயிலில், அதாவது காட்டுப் பாதையில், மெதுவாக ஓட்ட வேறு எதுவும் வேண்டாம். செயின் ஓடும் முன் பல்சக்கரத்தை, அந்த ஸ்பிராக்கெட்டை, 14 பல்லிலிருந்து 13 ஆக்கு, பசுமாடு மாதிரி பின்னாலேயே வரும்" என்றார். நம்பி மாற்றினேன். அமெரிக்காவில் வெஸ்ட் வர்ஜீனியாவின் ஹாட்ஃபீல்ட்-மெக்காய் டிரெயில், கல்லும் வேருமாக ஒரு மேடு. முதல் கியரிலேயே அரை கிளட்ச் பிடித்துப் பிடித்து இடது கையில் இரண்டு விரல் மரத்துப்போனது. மூன்று தடவை வண்டி அணைந்தது. செல்ஃப் ஸ்டார்ட் இல்லாத வண்டியைச் சரிவில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு உதைத்துப் பாருங்கள், அப்போது தெரியும். ஒரு பல்லில் ஒன்றும் மாறாது. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆர்டி_கிறுக்கன்:
தம்பி, 14-ல் ஒன்று போனால் அதே எஞ்சின் சுற்றுக்கு வேகம் 7 சதவீதம் குறையும். இது என் கருத்து இல்லை, வகுத்தல் கணக்கு. பின்னால் 41 பல். பின் சக்கரம் ஒரு சுற்று சுற்ற முன் ஸ்பிராக்கெட் எத்தனை சுற்று? 41-ஐ 14-ஆல் வகுத்தால் 2.93, 13-ஆல் வகுத்தால் 3.15. இதே வித்தியாசம் பின்னால் வேண்டுமென்றால் மூன்று பல் கூட்ட வேண்டும். குவாடில் பின் ஸ்பிராக்கெட் ஆக்ஸிலோடு தாழத் தொங்குகிறது, பாறை முதலில் கடிப்பது அதைத்தான். அதனால்தான் முன்னால் மாற்று என்றேன். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவையும் ராஜ்தூத் 350 பைக்கில் ஏறியவன் நான். எனக்கு டூ-ஸ்ட்ரோக் சொல்லித்தர வேண்டாம்.

மணல்மேடு:
ஜல்லிக்கட்டுக் காளையை வாங்கிவந்து செக்கு இழுக்கவில்லை என்று பஞ்சாயத்து. அருமை. 347 சிசி, இரண்டு சிலிண்டர், ஆறு கியர். கலிஃபோர்னியாவின் கிளாமிஸ் மணலில் கதறவிட வேண்டிய வண்டி அது. மெதுவாகப் போக ஆசையென்றால் விற்றுவிட்டு ஒரு ஃபோர்-ஸ்ட்ரோக் வாங்குங்கள். விலை சொன்னால் நானே எடுத்துக்கொள்கிறேன்.

கார்ப்_பைத்தியம்:
பல்லை விடுங்கள். மெதுவாகப் போகும்போது திராட்டில் கால்வாசிகூடத் திறப்பதில்லை. அங்கே வேலை செய்வது கார்புரேட்டரில் பெட்ரோல் விடும் சின்னத் துளையான பைலட் ஜெட்டும், காற்று வழியைத் திறக்கும் ஸ்லைடும். பெரிய துளையான மெயின் ஜெட்டை எத்தனை தடவை மாற்றினாலும் திராட்டிலை முழுசாகத் திறந்தால்தான் தெரியும். பைலட்டில் பெட்ரோல் அதிகமானால் ஊர்ந்து போகும்போது ஸ்பார்க் பிளக் கறுத்து அடைக்கும். மூன்று தடவை அணைந்ததற்கு அதைத்தான் முதலில் பார்த்திருக்க வேண்டும். அப்புறம் எஞ்சினோடு சுற்றும் கனச் சக்கரமான ஃப்ளைவீலில் எடை கூட்டினால் எஞ்சின் பொசுக்கென்று அணையாது. இரண்டு சிலிண்டருக்கும் ஸ்லைடு ஒன்றாக எழும்புகிறதா என்றும் பாருங்கள்.

ஆர்டி_கிறுக்கன்:
கார்புரேட்டரைப் பற்றி நீங்கள் பேசுகிறீர்களா? போன வருடம் "புதுசு மாதிரி" என்று எனக்கு விற்றீர்களே ஒரு ஜோடி, அதில் ஒரு ஸ்லைடு பாதியில் மாட்டிக்கொண்டு வேலியில் போய் நின்றேன். வேலிக்குச் சொந்தக்காரர் இன்னும் என்னோடு பேசுவதில்லை. நான் சொன்னது பல். 7 சதவீதம். அதற்குப் பதில் சொல்லுங்கள்.

கார்ப்_பைத்தியம்:
ஸ்லைடை முன்பின் மாற்றிப் போட்டது யார் என்று அன்றைக்கே படம் போட்டுக் காட்டினேன்.

சேற்றுக்கால்:
7 சதவீதம் காகிதத்தில். மேட்டில் 0. சின்ன ஸ்பிராக்கெட்டில் செயின் ரொம்ப வளைகிறது, பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்ம் மேல் இருக்கும் ரப்பரை வேறு அரைத்துவிட்டது. அந்த ரப்பர் காசை யார் தருவார்? ரேடியேட்டருக்கு ஃபேன் கிடையாது, ஊர்ந்து போனால் தண்ணீர் கொதிக்கிறது. பல் போனால் சொல் போச்சு என்பார்கள். இங்கே ஒரு பல் போயும் அண்ணன் சொல் நிற்கவில்லை.

ஆர்டி_கிறுக்கன்:
ரப்பர் தேயும், மாற்ற வேண்டும். செருப்பு தேய்ந்தால் நடப்பதையா நிறுத்துவாய்? கொதித்தால் இறங்கி ரேடியேட்டரில் சேற்றைத் தட்டு. பேரிலேயே சேறு, வண்டியில் இருக்காதா.

மணல்மேடு:
ராஜ்தூத் 350 காற்றில் ஆறும் எஞ்சின், பான்ஷீ தண்ணீரில். அந்த அனுபவத்தை இங்கே கொண்டுவந்து என்ன பண்ணுவது?

ஆர்டி_கிறுக்கன்:
பான்ஷீ எஞ்சின் எந்தக் குடும்பம்? யமஹா ஆர்.டி. 350 எல்.சி. பைக். ராஜ்தூத் 350-உம் இந்தியாவில் செய்த யமஹா ஆர்.டி. 350-தான். இரண்டிலும் முதல் இரண்டு எழுத்து என்ன? நன்றி.

மணல்மேடு:
சரி, உங்கள் ராஜ்தூத் சக்தி அதிகமான ஹை டார்க்கா, சக்தி குறைத்த லோ டார்க்கா?

ஆர்டி_கிறுக்கன்:
அது இங்கே தேவையில்லாத கேள்வி.

மணல்மேடு:
லோ டார்க்! ராஜ்தூத் கம்பெனியான எஸ்கார்ட்ஸ் மைலேஜுக்காக 27 குதிரைசக்திக்கு இறக்கிய வண்டி. மூன்று வருடமாக "30 குதிரையை அடக்கினேன்" என்று கதை விட்டது இதற்குத்தானா?

ஆர்டி_கிறுக்கன்:
27 குதிரையில் 70 வளைவு ஏறினால் அது இன்னும் பெரிய விஷயம். கிளாமிஸில் நேர்கோட்டில் விரட்டுகிறவருக்கு வளைவு என்றால் என்னவென்று தெரியாது. நிற்க. சேற்றுக்கால், ஒரே கேள்வி. பின் டயர் என்ன சைஸ்?

புதுசு_பிளாஸ்டர்:
வணக்கம் அண்ணன்மார்களே. என்னிடம் இருப்பது யமஹாவின் சின்ன குவாட், பிளாஸ்டர் 200. ஆயில் தானாகக் கலக்கும் பம்பைக் கழற்றிவிட்டு பெட்ரோலிலேயே கலந்து ஊற்றலாமா? மெதுவாகப் போனால் புகை அதிகம் வருகிறது.

சேற்றுக்கால்:
டயருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

ஆர்டி_கிறுக்கன்:
சைஸ்?

சேற்றுக்கால்:
பாறையில் அடிவயிறு தட்டாமல் இருக்க 22 அங்குலம் போட்டிருக்கிறேன். எல்லோரும் போடுவதுதான்.

ஆர்டி_கிறுக்கன்:
ஆகா. 20 அங்குலத்தை 22 ஆக்கினால் ஒரு சுற்றுக்கு 10 சதவீதம் அதிக தூரம். நான் குறைத்துக் கொடுத்தது 7. ஆக மொத்தம் நீ கம்பெனி வண்டியைவிட 2 சதவீதம் வேகமான வண்டியில் உட்கார்ந்துகொண்டு "மெதுவாகப் போகவில்லை" என்று அழுகிறாய். 10 சதவீதம் தின்றது டயர், பழி என் பல் மேல். மேட்டில் முதல் கியர் கனக்கிறது, நீ கிளட்சைப் பிடிக்கிறாய், விரல் மரக்கிறது. அந்த வண்டிக்கு நான் 13 சொன்னதே தப்பு. டயரைச் சொல்லியிருந்தால் 12 சொல்லியிருப்பேன்.

கார்ப்_பைத்தியம்:
12 போட்டால் செயின் அந்த ரப்பரைத் தாண்டி இரும்பையே அறுக்கும். பைலட் ஜெட்டை யாராவது பார்த்தீர்களா?

சேற்றுக்கால்:
டயர் கதையை இழுக்காதீர்கள். நீங்கள் சொன்ன வாக்கியத்தில் டயர் என்ற சொல்லே இல்லை. "வேறு எதுவும் வேண்டாம், 13 போதும்" என்றீர்கள். போதவில்லை. முடிந்தது.

ஆர்டி_கிறுக்கன்:
வண்டியில் டயர் இருக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? எஞ்சின் இருக்கிறதா என்றும் கேட்டிருக்க வேண்டுமோ?

மணல்மேடு:
விலை இன்னும் சொல்லவில்லை.

சேற்றுக்கால்:
விற்க மாட்டேன். இன்று காலை 14-ஐயே திரும்ப மாட்டிவிட்டேன். ஓட்டிப் பார்த்தேன். ஒரு வித்தியாசமும் இல்லை. இதுதான் நான் ஆரம்பத்திலிருந்து சொன்னது.

ஆர்டி_கிறுக்கன்:
எங்கே ஓட்டினாய்?

சேற்றுக்கால்:
வீட்டு வாசலில்.

ஆர்டி_கிறுக்கன்:
😂 7 சதவீதம் தம்பி. 7 சதவீதம்.

புதுசு_பிளாஸ்டர்:
அண்ணா, அந்த ஆயில் பம்ப்...

ஆர்டி_கிறுக்கன்:
இரு தம்பி. முதலில் இவர் அந்த 22-ஐக் கழற்றட்டும்.