காசநோய்க் கிருமியைக் காக்கும் நொதியே மருந்துக்கும் வழிவிடுவது எப்படி?

கேள்வி: முதுகலை மாணவி

வணக்கம். நோயெதிர்ப்புச் செல்களான மேக்ரோபேஜ்கள் காசநோய்க் கிருமியை விழுங்கியதும் அதன்மேல் ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற நச்சுகளைச் செலுத்துகின்றன என்றும், கேட்-ஜி என்னும் கேட்டலேஸ் நொதி அந்த நச்சைச் சிதைத்துக் கிருமியைக் காக்கிறது என்றும் படித்தேன். ஐசோனியசிட் என்னும் காசநோய் மருந்தைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றுவதும் இதே நொதிதானாம். அப்படியானால் இந்த நொதியை இழந்த கிருமி மருந்துக்குத் தப்பினாலும் மேக்ரோபேஜிடம் மடிந்துபோக வேண்டும் அல்லவா? மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகள் பிறகு எப்படி நோயைப் பரப்புகின்றன?

பதில்: ஆய்வக ஆசிரியர்

உங்கள் ஐயம் மிகச் சரியானது. ஐசோனியசிட் 1952இல் புழக்கத்துக்கு வந்தது. அடுத்த சில ஆண்டுகளிலேயே, அதற்குக் கட்டுப்படாத கிருமிகளில் பல கேட்டலேஸை இழந்திருப்பதையும் அவை கினிப் பன்றிகளில் வீரியம் குன்றியிருப்பதையும் மிடில்புரூக் என்னும் ஆய்வாளர் கண்டறிந்தார். இதற்குக் காரணமான மரபணு கேட்-ஜி என்பது 1992இல்தான் உறுதியானது.

ஆனால் நோயாளிகளிடம் மிகுதியாகக் காணப்படுவது நொதியை முற்றிலும் இழந்த கிருமி அன்று. நொதியின் 315ஆம் இடத்தில் செரீன் என்னும் அமினோ அமிலத்துக்குப் பதிலாகத் திரியோனின் என்னும் வேறோர் அமினோ அமிலம் அமர்ந்துவிடுகிறது. அந்த ஒரே மாற்றத்தால் மருந்து மூலக்கூறு வினை நிகழும் இடத்தை அணுகும் பாதை குறுகிவிட, அதைவிட மிகச் சிறிய பெராக்சைடோ தடையின்றி உள்ளே சென்று சிதைகிறது. மருந்துக்கு மட்டும் அடைபட்டு, தற்காப்புக்குத் திறந்தே இருக்கும் இந்த மாற்றம் உலகெங்கும் நிலைத்துப் பரவியிருப்பதில் வியப்பில்லை.

பதில்: செல் உயிரியல் ஆய்வாளர்

மேலுள்ள விளக்கத்தோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். பெராக்சைடைச் சிதைப்பதோடு இக்கிருமியின் தற்காப்பு முடிந்துவிடுவதில்லை. தன்னை அடைத்து வைத்திருக்கும் பை, செல்லின் செரிமானப் பையான லைசோசோமுடன் இணைந்தால் அமிலமும் செரிமான நொதிகளும் தன்மேல் பாயும் என்பதால், அந்த இணைப்பையே அது தடுத்துவிடுகிறது. சாப்-எம் என்னும் பாஸ்பட்டேஸ் நொதி, பையின் சவ்வில் அந்த இணைப்புக்குத் தேவையான ஓர் அடையாளக் கொழுப்பிலிருந்து பாஸ்பேட்டை நீக்கிவிடுகிறது. பிடிபி-ஏ என்னும் மற்றொரு பாஸ்பட்டேஸ், பைக்குள் அமிலத்தை ஏற்றும் புரோட்டான் பம்பு அங்கே வந்து சேராதபடி செய்கிறது. இவ்விரண்டும் கிருமி வெளியே சுரந்து விருந்தோம்பியின் செல்லுக்குள் வேலைசெய்ய விடும் நொதிகள் என்பதே என்னை இன்றும் ஈர்க்கும் செய்தி.

கேள்வி: முதுகலை மாணவி

இருவருக்கும் நன்றி. கேட்-ஜியை முழுவதுமாக இழந்த கிருமிகள் நோயாளிகளிடம் அறவே இல்லையா?

பதில்: ஆய்வக ஆசிரியர்

உண்டு, ஆனால் குறைவு. அவற்றில் சில, ஏஹெச்பி-சி என்னும் வேறொரு பெராக்சைடு நொதியின் மரபணுவுக்கு முன்னுள்ள பகுதியில் பிறழ்வைப் பெற்று, அந்த நொதியை மிகுதியாக உருவாக்கி இழப்பை ஓரளவு ஈடுகட்டுகின்றன.

மருந்துக்குத் தப்ப இன்னொரு வழியும் இருக்கிறது. மருந்து தாக்கும் இலக்கு இன்-ஹெச்ஏ என்னும் நொதி. அதன் மரபணுவுக்கு முன்னுள்ள பகுதி மாறினால் இலக்கு நொதி மிகுதியாக உருவாகி, வழக்கமான அளவு மருந்து அதை முடக்கப் போதாமல் போகிறது; கேட்-ஜிக்குச் சேதமே இல்லை. இவ்வகையில் மருந்தெதிர்ப்பு பெரும்பாலும் குறைந்த அளவிலேயே இருப்பதால், சில நோயாளிகளுக்கு மருத்துவர்கள் ஐசோனியசிட்டையே கூடுதல் அளவில் தருவதும் உண்டு. சளி மாதிரியில் செய்யப்படும் லைன் புரோப் என்னும் மரபணுச் சோதனை கேட்-ஜி, இன்-ஹெச்ஏ ஆகிய இவ்விரு மரபணுக்களையும் தனித்தனியே பார்ப்பது இதற்காகத்தான்.