ஃபாயில் ஒட்டிய நகத்தில் டாப் கோட் பூசியதும் தங்கம் சுருங்கிவிடுகிறது: என்ன செய்யலாம்?

தோவாளைப் பூ:

அனைவருக்கும் வணக்கம். வரும் தை மாதத்தில் என் தங்கைக்குத் திருமணம். அழகு நிலையத்துக்குப் போகாமல், தன் நகங்களை நான்தான் அலங்கரிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். அடர்ந்த மெரூன் நெயில் பாலிஷின் மேல் தங்க நிற ஃபாயில் (மின்னும் மெல்லிய படலம்) ஒட்டலாம் என்று முடிவு செய்து, நாகர்கோவிலில் ஒரு ஃபேன்சி ஸ்டோரில் ஃபாயில் சுருள் ஒன்றும் அதற்கான வெள்ளைப் பசைக் குப்பி ஒன்றும் வாங்கி வந்தோம். இரண்டு வாரமாக என் நகங்களிலேயே பழகிப் பார்க்கிறேன், இன்னும் கைவரவில்லை.

முதல் முறை பசை பூசிய உடனே ஃபாயிலை வைத்து அழுத்தியதில், பசையோடு சேர்ந்து அது வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. இரண்டாம் முறை சற்றுப் பொறுத்து ஒட்டியபோது நகத்தின் நடுவில் கண்ணாடி போலப் பிடித்தது. ஓரங்களில் மட்டும் பிடிக்கவில்லை. அந்த மகிழ்ச்சியில், எல்லாவற்றுக்கும் மேலே காப்பாகப் பூசும் நிறமற்ற டாப் கோட்டைப் பூசினேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, தங்கம் முழுவதும் நுண்ணிய சுருக்கங்களாக இழுத்துக்கொண்டு மங்கிவிட்டது. மூன்றாம் முறை டாப் கோட்டே வேண்டாம் என்று விட்டேன். மறுநாள் காலையில் பாத்திரம் துலக்கி முடிப்பதற்குள் நகநுனிகளில் தங்கம் தேய்ந்து மெரூன் தெரிந்தது. இதற்கிடையில், மழை பெய்த ஒரு மாலையில் பூசிய மெரூன் காய்ந்தபோது அதன்மேல் வெண்மையான படலம் படிந்திருந்தது. கட்டைவிரலில் பூச்சு முழுவதும் ஒரே ஏடாக உரிந்து வந்தது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். எங்கள் அம்மா பல ஆண்டுகள் அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், முந்திரித் தோடு உடைத்தவர்கள். அந்தத் தோட்டின் எண்ணெய் பட்டு விரல்கள் கறுத்து, தோல் உரிந்துகொண்டே இருக்கும் என்பதால் நகப்பூச்சை அவர்கள் தொட்டதே இல்லை. திருமணத்தன்று அம்மாவின் நகங்களிலும் கொஞ்சம் தங்கம் இருக்க வேண்டும் என்பது தங்கையின் ஆசை. அம்மாவின் நகங்களில் நீளவாக்கில் வரிகள் ஓடுகின்றன. அவற்றின்மேல் ஃபாயில் நிற்குமா?

மார்த்தாண்டம் தேன்:

உங்கள் கட்டைவிரலில் பூச்சு ஏடாக உரிந்ததற்கு, பெரும்பாலும் தேங்காய் எண்ணெய்தான் காரணமாக இருக்கும். நம் வீடுகளில் தலைக்கும் அதுதான், தாளிக்கவும் அதுதான்; நாள் முழுவதும் ஏதோ ஒரு வகையில் விரல்களில் எண்ணெய் இருந்துகொண்டே இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த மெல்லிய படலத்தின் மேல் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பாலிஷைப் பூசினாலும் அது நகத்தைப் பற்றாது. சோப்புப் போட்டுக் கைகழுவி, குறைந்தது அரை மணி நேரமாவது உலரவிட்டு, பூசுவதற்குச் சற்று முன்னர் ஒவ்வொரு நகத்தையும் பாலிஷ் நீக்கும் ரிமூவர் தொட்ட துணியால் துடைத்துவிடுங்கள். பஞ்சு வேண்டாம், அதன் இழை ஒன்று சிக்கினாலும் ஃபாயிலுக்கு அடியில் மேடாகத் தெரியும். அரை மணி நேரம் என்று நான் சொல்வதற்குக் காரணம், நகம் தண்ணீரை உறிஞ்சிச் சற்று விரியும், காயும்போது பழைய அளவுக்குச் சுருங்கும் என்பதுதான். விரிந்திருக்கும்போது பூசினால், பின்னர் நகம் சுருங்க, மேலுள்ள பூச்சு பிடி விட்டுவிடுகிறது.

பசைக்கு வருகிறேன். நீங்கள் சொல்லும் வெள்ளைப் பசை தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட வகை. அது பால் போல இருக்கும்வரை அதில் ஈரம் இருக்கிறது என்று பொருள்; வெண்மை முழுவதும் மறைந்து கண்ணாடி போலத் தெளிந்த பிறகுதான் ஒட்டும் பதம் வரும். குப்பியின்மேல் போட்டிருக்கும் நிமிடக் கணக்கை நான் நம்புவதில்லை. பங்குனி வெயிலில் அந்தக் கணக்கு சரியாக இருக்கலாம். ஐப்பசி மழையில் அதைப் போல இரண்டு மடங்கு நேரம் பிடித்ததை நானே பார்த்திருக்கிறேன். ஆகவே கடிகாரத்தைப் பார்க்காமல் பசையைப் பாருங்கள். அதற்கு முன், அடியிலுள்ள மெரூனும் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும்.

ஓரங்களில் பிடிக்காததற்குக் காரணம் நகத்தின் வளைவு. ஃபாயிலை நகத்தைவிட அகலமாக வெட்டி, மின்னும் பக்கம் உங்களைப் பார்க்கும்படி வைத்து, நடுவிலிருந்து இரு பக்கமும் காது குடையும் பஞ்சுக் குச்சியால் அழுத்தித் தேயுங்கள். பிறகு தயங்காமல் ஒரே இழுப்பில் எடுத்துவிடுங்கள். விட்டுப்போன இடத்தில் அதே துண்டின் தங்கம் மிச்சமுள்ள பகுதியை வைத்து மீண்டும் அழுத்தினால் பிடித்துக்கொள்ளும்.

முட்டம் கலங்கரை:

திருமண அழைப்பிதழ் அச்சிடும் அச்சகம் ஒன்றில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். அழைப்பிதழில் மணமக்கள் பெயரைப் பொன்னெழுத்தாகப் பதிக்கும் ஃபாயிலும் நகத்துக்கான ஃபாயிலும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. உங்கள் கையில் மிஞ்சும் தெளிவான தாள் பாலியஸ்டர். அது சுமந்து வருவதற்கு மட்டுமே. அதிலிருந்து கழன்று நகத்துக்கு வருவது ஒரு வண்ண அரக்குப் பூச்சும், அதன் அடியில் வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைத்த அலுமினியமும்தான். தங்கம் என்று நாம் காண்பது மஞ்சள் அரக்கின் வழியே தெரியும் அலுமினியம். அந்த உலோகப் படலத்தின் கனம் ஒரு மைக்ரோமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. இதை மனத்தில் கொண்டால் உங்கள் சுருக்கத்தின் காரணம் விளங்கிவிடும்.

சாதாரண டாப் கோட் என்பது நைட்ரோசெல்லுலோஸை எத்தில் அசிடேட், பியூட்டில் அசிடேட் போன்ற கரைப்பான்களில் கரைத்தது. அந்தக் கரைப்பான் ஆவியாவதற்கு முன் ஃபாயிலின் வண்ண அரக்கையும் அடியிலுள்ள பசையையும் இளக்கிவிடுகிறது. அடித்தளம் இளகியதும், மேலே பூச்சு காய்ந்து இறுகும்போது அந்த மெல்லிய உலோகத்தையும் சேர்த்து இழுக்கிறது. நீங்கள் பூசியதில் தவறு இல்லை. அந்த ஃபாயிலும் அந்த டாப் கோட்டும் ஒத்துப்போகவில்லை. தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட டாப் கோட் கிடைத்தால் அதை முதலில் மெல்லியதாக ஒரு முறை பூசி, முழுவதும் காய்ந்த பிறகு, பளபளப்புக்காக வழக்கமான டாப் கோட்டை மேலே பூசலாம். முதல் பூச்சு நடுவில் நின்று ஃபாயிலைக் காக்கும். கிடைக்காவிட்டால், தூரிகையில் பெரிய துளியாக எடுத்து, தூரிகை மயிர் ஃபாயிலில் படாதபடி அந்தத் துளியை மட்டும் நகத்தின் மேல் நகர்த்திக்கொண்டு போங்கள். ஒரே தடவைதான், சென்ற இடத்துக்குத் தூரிகை திரும்பி வரக்கூடாது. நகநுனியின் விளிம்பையும் சேர்த்து மூடுங்கள், பாத்திரம் துலக்கும்போது முதலில் தேய்வது அந்த விளிம்புதான்.

எந்த ஃபாயில் எந்த டாப் கோட்டுடன் சேரும் என்பதைப் பூசிப் பார்த்துத்தான் அறிய முடியும். தங்கையின் கையில் சோதிக்க வேண்டாம். பிஸ்கட் பொட்டலத்தில் வரும் பிளாஸ்டிக் தட்டின் பின்புறத்தில் மெரூன், பசை, ஃபாயில், டாப் கோட் எல்லாவற்றையும் வரிசையாகப் பூசிப் பாருங்கள்.

வெண்படலத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பூச்சின் மேற்பரப்பு குளிர்கிறது. காற்றிலுள்ள ஈரம் அங்கே நுண்துளிகளாகப் படிந்து வெளுப்பாகத் தெரிகிறது. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்து நனைக்கும் மாவட்டம் நம்முடையது என்பதால், இதை ஆண்டில் பல மாதங்கள் எதிர்பார்க்கத்தான் வேண்டும். விரைவில் காயட்டும் என்று மின்விசிறியை முழு வேகத்தில் வைப்பவர்கள் குளிர்ச்சியைக் கூட்டிப் படலத்தையும் கூட்டிக்கொள்கிறார்கள். நண்பகலில், மூடிய அறையில் அல்லாமல் மெல்லிய காற்றோட்டத்தில், மெல்லிய இரண்டு பூச்சுகளாகப் பூசுங்கள்.

மட்டிப்பழம்:

இவ்வளவு சிரமம் எதற்கு என்று எனக்குத் தோன்றுகிறது. இணையத்தில் ஜெல் பாலிஷும் சிறிய யூ.வி. விளக்கும் சேர்த்து விற்கிறார்கள். ஜெல்லை விளக்கில் காட்டி எடுத்தபின் மேலே பிசுபிசுப்பாக ஒரு படலம் எஞ்சும். பல ஃபாயில்கள் பசையே இல்லாமல் அதில் ஒட்டிக்கொள்ளும். வாரக்கணக்கில் நிற்கும். காய்வதற்குக் காத்திருப்பது, ஈரம், வெண்படலம் என்ற எந்தக் கவலையும் இல்லை. சாதாரண பாலிஷையே நொடியில் இறுக்க வேண்டுமானால் குளிர்ந்த தண்ணீரில் விரலை வைத்தால் போதும் என்பார்கள், அதுவும் ஒரு வழி.

குழித்துறை ஆறு:

தோவாளைத் தங்கச்சிக்கும் மட்டிப்பழத்துக்கும் சேர்த்து எழுதுகிறேன். நான் செவிலியராக வேலை பார்ப்பவள். ஜெல்லில் ஃபாயில் நன்றாக ஒட்டும் என்பது உண்மைதான். ஆனால் திருமணத்துக்குச் சில வாரங்களே இருக்கும்போது, பழக்கமில்லாத கையால் மணப்பெண்ணின் நகத்தில் ஜெல்லை முதன்முதலாக முயலுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஜெல் என்பது காய்வதில்லை, ஒளி பட்டு வேதிமாற்றத்தால் இறுகுகிறது. விளக்கின் ஒளி அந்த ஜெல்லுக்குப் பொருந்தாமல் போனாலோ, கனமாகப் பூசிவிட்டாலோ, உள்ளே இறுகாத அக்ரிலேட் மூலக்கூறுகள் எஞ்சி நிற்கும். அவை நகத்தைச் சுற்றியுள்ள தோலில் படப்பட, ஒவ்வாமை தோன்றலாம்: விரல்நுனி சிவந்து, அரித்து, சில வேளைகளில் நகமே தளத்திலிருந்து கழன்று நிற்கும். ஒருமுறை அந்த ஒவ்வாமை வந்துவிட்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் இருக்கும். பல் அடைப்புக்குப் பயன்படுத்தும் பொருள்களிலும் இதே வகை மூலக்கூறுகள் உண்டு என்பதால் அது நகத்தோடு நிற்கிற விஷயமும் அல்ல. ஜெல்லை இறுக்க உதவும் டி.பி.ஓ. என்ற பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் 1 முதல் அழகுசாதனங்களில் தடைசெய்திருக்கிறது. ஆகவே வாங்கும் குப்பியில் என்ன இருக்கிறது என்று எழுதியிருக்கிறதா என்பதையாவது பார்க்க வேண்டும்.

குளிர்ந்த தண்ணீர் மேற்பரப்பை இறுக்குமே தவிர, உள்ளே சிக்கிய கரைப்பானை வெளியேற்றாது. தொட்டுப் பார்த்துக் காய்ந்துவிட்டது என்று நம்பிப் படுத்தால் காலையில் போர்வையின் நெசவு நகத்தில் பதிந்திருக்கும்.

மருதாணி வைப்பீர்கள் அல்லவா? அதை முதலில் வைத்துவிடுங்கள். மருதாணி சிவக்கட்டும் என்று மேலே எண்ணெய் தடவும் வழக்கம் இருப்பதால், நகப்பூச்சு வேலையை மறுநாளைக்குத் தள்ளி, எண்ணெயை முழுவதும் துடைத்த பிறகே தொடங்குங்கள். எல்லாம் முடிந்து ஃபாயிலை எடுக்கும்போது சுரண்டாதீர்கள். நகத்தின் மேலடுக்கும் சேர்ந்து வந்துவிடும். அசிட்டோனில் நனைத்த பஞ்சைச் சில நிமிடம் நகத்தின் மேல் வைத்திருந்து துடையுங்கள். அடுப்பும் குத்துவிளக்கும் எரியும் இடத்தில் அசிட்டோன் குப்பியைத் திறக்கவே கூடாது. அதற்குப் பிறகு தேங்காய் எண்ணெயைத் தாராளமாகத் தடவலாம்.

அம்மாவின் கைகளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துச் சற்று நேரம் அப்படியே இருந்துவிட்டேன். என் பெரியம்மாவும் அண்டி ஆபீஸில்தான் இருந்தார்கள். வேலைக்குப் போகுமுன் விரல்களில் சாம்பல் பூசிக்கொள்வார்கள். அம்மாவின் விரல்களில் இன்னும் வெடிப்போ புண்ணோ இருந்தால், அது ஆறும்வரை ரிமூவர் படவே கூடாது.

முட்டம் கலங்கரை:

அம்மாவின் நகங்களுக்கு என் யோசனை: ஃபாயில் கண்ணாடியைப் போன்றது, அடியிலுள்ள ஒவ்வொரு வரியையும் பெரிதாக்கிக் காட்டும். வரிகளை அராவிச் சமன்செய்ய வேண்டாம், வயதான நகம் மேலும் மெலிந்துவிடும். வரிகளை நிரப்புவதற்கென்றே பேஸ் கோட், அதாவது அடிப்பூச்சு, கிடைக்கிறது; அதை இரண்டு முறை பூசி, இளஞ்சிவப்பு நிறம் ஒன்றைப் பூசுங்கள். பிறகு ஃபாயிலை முழுவதும் ஒட்டாமல், கசக்கிய துண்டால் ஆங்காங்கே ஒற்றி எடுங்கள். தங்கம் திட்டுத்திட்டாக விழும்போது வரிகள் கண்ணில் படாது. டாப் கோட்டில் சிறிது சுருங்கினாலும் தெரியாது. உண்மையில், முழுத் தங்கத்தைவிட இந்த வகைதான் எனக்கு அழகாகத் தோன்றுகிறது.

தோவாளைப் பூ:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் மீண்டும் முயன்றேன். நகங்களைத் துடைத்த துணியில் மஞ்சளாக எண்ணெய் படிந்ததைக் கண்ணால் பார்த்தேன். மழை இல்லாத நாளாக இருந்தும் பசை முழுவதும் தெளியப் பதினெட்டு நிமிடம் ஆயிற்று. நான் முன்பு நான்கு நிமிடத்தில் அவசரப்பட்டிருக்கிறேன். பிளாஸ்டிக் தட்டில் சோதித்ததில் என்னிடமிருந்த இரண்டு டாப் கோட்டுகளில் ஒன்று உடனே சுருக்கியது. மற்றதைத் துளியாக நகர்த்திப் பூசியபோது பளபளப்பு அப்படியே நின்றது. இன்று நான்காம் நாள். இரண்டு விரல்களின் நுனியில் மட்டும் மயிரிழை அளவு தேய்ந்திருக்கிறது.

அம்மாவின் விரல்களில் புண் எதுவும் இல்லை, அக்கா. நேற்று மாலை மோதிர விரல்கள் இரண்டில் மட்டும் முட்டம் அக்கா சொன்னபடி ஒற்றி எடுத்தேன். பசை தெளியும்வரை கையை அசைக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இரவு மீன்குழம்புக்குத் தேங்காய் அரைக்க எழுந்தவர்கள், அந்தக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "நீயே அரைச்சிரு மக்களே" என்று சொல்லிவிட்டார்கள்.