பிராட்வர்ஸ்ட் வெடிக்கிறது, உள்ளே வேகவில்லை. நாளை மதியம் ஆட்டம், அவசர உதவி!

பேக்கர்ஸ்_பிரியன்: நாளை பேக்கர்ஸ் (விஸ்கான்சினின் அமெரிக்கக் கால்பந்து அணி) ஆட்டம் பார்க்க வீட்டுக்கு ஆட்கள் வருகிறார்கள். பிராட்வர்ஸ்ட் (ஜெர்மன் வகை சாசேஜ்) சாண்ட்விச் போடலாம் என்று இன்று கொஞ்சம் சுட்டுப் பார்த்தேன். தோல் பட்டென்று வெடித்து, கொழுப்பு ஒழுகி, தீ எகிறுகிறது. வெளியே கருகல், வெட்டினால் நடுவில் கொழகொழவென்று இருக்கிறது. பன்னும் நனைந்து பிய்ந்துபோகிறது. என்ன செய்யலாம்?

கரியடுப்பு: கேஸா, கரியா? பச்சை சாசேஜா, வேகவைத்து விற்பதா? ஃப்ரீசரிலிருந்து எடுத்து நேராகப் போட்டீர்களா? இதெல்லாம் தெரியாமல் எதுவும் சொல்ல முடியாது.

மேடிசன்_மதி: எத்தனை பேர் வருகிறார்கள்? எல்லோரும் பன்றி சாப்பிடுபவர்களா?

வேலு_மில்வாக்கி: முள்கரண்டியால் நாலு இடத்தில் குத்திவிடுங்கள், வெடிக்காது. எங்கள் வீட்டில் எப்போதும் அப்படித்தான்.

ஷெபாய்கன்வாசி: குத்தவே கூடாது. இதை இங்கே பலமுறை எழுதிவிட்டேன். தேடிப் படித்துவிட்டுக் கேட்டால் எல்லோருக்கும் நேரம் மிச்சம். குத்தினால் சாறும் கொழுப்பும் தீயில்தான் விழும், தீ இன்னும் எகிறும். தீ அதிகமானால் உள்ளிருக்கும் நீர் வேகமாக ஆவியாகிறது. தோல் அதற்கு ஈடுகொடுத்து விரிய முடியாமல் கிழிகிறது. தீயைக் குறையுங்கள் தம்பி, அவ்வளவுதான்.

வேலு_மில்வாக்கி: அப்படியானால் முதலில் பீரில் வேகவையுங்கள். பீர், வெண்ணெய், நிறைய வெங்காயம். இருபது நிமிடம் கழித்துக் கிரில்லில் நிறம் ஏற்றினால் போதும், உள்ளே பச்சையாக இருக்குமோ என்ற பயமே வேண்டாம்.

ஷெபாய்கன்வாசி: ருசியெல்லாம் பீருக்குள் போய்விடும். 1953-லிருந்து பிராட்வர்ஸ்டுக்கென்றே விழா எடுக்கும் ஊர் எங்கள் ஷெபாய்கன். இங்கே பச்சையாகத்தான் கரியில் போடுவோம். கடினமான ரோலில் இரண்டு வைத்து, பழுப்புக் கடுகு, ஊறுகாய் வெள்ளரி, வெங்காயம். பீர்ப் பாத்திரம் சுட்ட பிறகு சூடாக வைத்திருக்க மட்டும்தான்.

வேலு_மில்வாக்கி: மில்வாக்கியில் பாதிப் பேர் பீரில்தான் வேகவைக்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் சமைக்கத் தெரியாதா?

நியூரம்பெர்க்_நாட்கள்: ஜெர்மனியில் பீரில் வேகவைத்து நான் பார்த்ததில்லை. நியூரம்பெர்க் சாசேஜ் 7 முதல் 9 செ.மீ.தான், எடை 20-25 கிராம். மூன்றை ஒரு ரோலில் வைத்துக் கொடுப்பார்கள். சிறியது என்பதால் சட்டென்று வெந்துவிடும். அமெரிக்க பிராட் தடிமனானது, அதற்குப் பொறுமை வேண்டும்.

ஷெபாய்கன்வாசி: நியூரம்பெர்க் வேறு, ஷெபாய்கன் வேறு. கேட்டது விஸ்கான்சினில் ஆட்டத்துக்கு வருகிறவர்களுக்குப் போடுவதைப் பற்றி.

பேக்கர்ஸ்_பிரியன்: கேஸ் கிரில். பச்சை சாசேஜ், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தது. இருபது பேர். மூன்று பேர் பன்றி சாப்பிட மாட்டார்கள், அவர்களுக்குக் கோழி சாசேஜ் வாங்கியிருக்கிறேன். சிலர் பீரும் தொட மாட்டார்கள்.

கரியடுப்பு: இப்போதுதான் விஷயம் புரிகிறது. ஒரு பக்க பர்னரை மட்டும் நடுத்தரத் தீயில் வைத்து, மறுபக்கத்தை அணைத்துவிடுங்கள். சாசேஜ்களை அணைத்த பக்கம் அடுக்கி மூடுங்கள். அவ்வப்போது இடுக்கியால் திருப்புங்கள். 150°F தாண்டியதும் தீ இருக்கும் பக்கம் கொண்டுவந்து, தோல் பழுப்பாகி மினுங்கும்வரை உருட்டுங்கள். கொழுப்பு சொட்டித் தீ எழுந்தால் தண்ணீர் தெளிக்காதீர்கள், சாசேஜைத் தள்ளி வைத்தால் போதும்.

தெர்மாமீட்டரை முனைவழியாக நடுவரை செருகிப் பாருங்கள். பன்றிக்கு 160°F (71°C), கோழிக்கு 165°F (74°C). நிறத்தை நம்ப வேண்டாம். நைட்ரைட் என்ற பதப்படுத்தும் உப்பு சேர்த்த சாசேஜ் வெந்த பிறகும் இளஞ்சிவப்பாக இருக்கும்.

மேடிசன்_மதி: கோழியைத் தனி இடுக்கியில், தனித் தட்டில் கையாளுங்கள். கிரில்லிலும் முதலில் அதைச் சுட்டு முடித்துவிட்டால் பன்றிக் கொழுப்பு படாது. பச்சை இறைச்சி வைத்த தட்டில் வெந்ததை வைக்கவே வேண்டாம். சூடாக வைக்க பீருக்குப் பதில் கோழி ஸ்டாக் (கோழி வேகவைத்த சாறு), வெண்ணெய், வெங்காயம் போதும். அந்த வெங்காயத்தையே சாண்ட்விச்சில் வைக்கலாம், அத்தனை ருசி! ட்ரே 140°F-க்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலு_மில்வாக்கி: பன்னை வெட்டிய பக்கம் வெண்ணெய் தடவிக் கிரில்லில் காட்டுங்கள், ஈரம் சீக்கிரம் ஊறாது. முன்கூட்டியே அடுக்கி வைக்காதீர்கள். பாதி நேர இடைவேளையில் எல்லோரும் ஒரே நேரத்தில் வருவார்கள். அப்போது அவரவரே எடுத்து வைத்துக்கொள்ளட்டும்.

ஷெபாய்கன்வாசி: மெத்தென்ற ஹாட் டாக் பன் வாங்கினால் எதைத் தடவினாலும் பிய்யும். மேலே மொறுமொறுப்பான ரோல் வாங்குங்கள். கெட்சப்பை மேசையில் வைக்காதீர்கள்.

வேலு_மில்வாக்கி: குழந்தைகள் வருவார்கள், கெட்சப் இருக்கட்டும்.

ஷெபாய்கன்வாசி: குழந்தைகளுக்கும் கடுகு பழக்கலாம்.

பேக்கர்ஸ்_பிரியன்: அணைத்த பக்கம் வைத்துச் சுட்டேன். இரண்டு மட்டும் வெடித்தன, மற்றதெல்லாம் அருமை. ஸ்டாக் ட்ரே வெங்காயம்தான் முதலில் காலி. நன்றி, மூன்றாம் குவார்ட்டர் ஓடுகிறது, வருகிறேன்.

நியூரம்பெர்க்_நாட்கள்: அந்த இரண்டும் பர்னர் ஓரத்தில் இருந்தவையா?

கரியடுப்பு: எந்த ரோல் வாங்கினீர்கள் என்றும் சொல்லுங்கள், அடுத்த வாரம் எங்கள் வீட்டில்.