தங்கச்சி பொண்ணு இதய சர்ஜன் ஆகி ரிசர்ச் பண்ணணுங்குது, இதுல ரிசர்ச்னா என்னதான் பண்ணுவாங்க?

வெண்ணாத்தங்கரை:
எல்லாருக்கும் வணக்கம். நமக்கு பாபநாசம் பக்கம். தங்கச்சி பொண்ணு தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ்ல மூணாவது வருஷம், நல்லா படிக்கற புள்ள. இப்ப என்னன்னா ஹார்ட் சர்ஜன் ஆகணும், அதுலயும் அயோர்ட்டாவாம், இதயத்துலேருந்து கெளம்பற பெரிய ரத்தக்குழாய், அதுல ரிசர்ச் பண்ணணும்னு ஒத்தக்கால்ல நிக்குது. மாப்ளைக்கு இன்னும் எத்தனை வருஷம் படிப்புன்னு கவலை, தங்கச்சிக்கு கல்யாணக் கவலை, அது எல்லா வீட்லயும் உள்ளதுதான். என் டவுட்டு வேற. ஆபரேஷன் பண்றவரு தியேட்டர்ல நிப்பாரு, ரிசர்ச் பண்றவரு லேப்ல எலிய வச்சுக்கிட்டு உக்காந்துருப்பாரு, ரெண்டையும் ஒரே ஆளு எப்டிங்க பண்றது? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஸ்டெர்னம்_வயர்:
அண்ணே, நான் சி.டி.வி.எஸ். எம்.சி.ஹெச், அதாவது இதயம், நெஞ்சு ஆபரேஷனுக்கான மேல்படிப்பு, படிச்சுக்கிட்டு இருக்கேன், சொந்த ஊரு மன்னார்குடி. மொதல்ல உங்க மாப்ள கேள்விய முடிச்சிருவோம். எம்.பி.பி.எஸ் அஞ்சரை வருஷம், எம்.எஸ் மூணு, எம்.சி.ஹெச் மூணு, நடுவுல என்ட்ரன்ஸுக்கு உக்காந்து படிக்கறத நீங்களே கூட்டிக்கங்க. முப்பதத் தாண்டிரும், அத மறைச்சு சொல்றதுல பிரயோஜனம் இல்ல.

இப்ப ரிசர்ச்சுக்கு வரேன். இந்த ஃபீல்டுல பேரு வாங்குனவங்க நெறைய பேரு ரெண்டையும் சேத்து பண்ணவங்கதான். அமெரிக்காவுல டிபேக்கின்னு ஒரு சர்ஜன், ஸ்டூடண்டா இருக்கப்பவே ரோலர் பம்ப்புனு ஒண்ணு செஞ்சாரு, பின்னாடி 1953ல கிப்பன்னு இன்னொரு சர்ஜன், இதயம் நுரையீரல் வேலைய வெளிய இருந்து பாக்கற ஹார்ட் லங் மெஷின வச்சு ஆபரேஷன் பண்ணப்ப அந்த மாதிரி பம்ப்புதான் ரத்தத்த தள்ளுச்சு. அப்பறம் கெட்டுப்போன அயோர்ட்டாவ வெட்டிட்டு அந்த எடத்துல எத வைக்கறதுன்னு தேடறாரு, கடைக்கு நைலான் துணி வாங்கப் போனா தீந்துபோச்சுன்னு டேக்ரான்னு புதுசா வந்த துணியக் குடுக்கறாங்க, அத வாங்கிட்டு வந்து வீட்டம்மா தையல் மெஷின்லயே குழாயா தச்சுப் பாத்தாரு. இன்னைக்கும் நாங்க வைக்கற கிராஃப்ட், அதாவது மாத்துக் குழாய், அந்தத் துணிதான். அயோர்ட்டா சுவரு உள்பக்கமா கிழியறத டிசெக்ஷன்னு சொல்வோம், அத 1, 2, 3ன்னு வகை பிரிச்சதும் இவரு டீம்தான், 1965ல. கூத்து என்னன்னா 97 வயசுல இவருக்கே அது வந்துருச்சு. மொதல்ல ஆபரேஷன் வேணாம்னுட்டாரு, 2006 பிப்ரவரியில இவரோட வேலை பாத்த டாக்டருங்களே பண்ணி பொழைக்க வச்சாங்க. நூறு வயசுக்கு ரெண்டு மாசம் இருக்கப்பதான் காலமானாரு.

எலி வச்சுப் பண்றதும் இருக்கு, அயோர்ட்டாவ பலவீனமாக்கற மார்ஃபான்னு ஒரு பரம்பரை நோய்ல அப்டி நெறைய பண்ணிருக்காங்க. ஆனா அயோர்ட்டா சர்ஜன் ரிசர்ச்ல பெரும்பங்கு தன்னோட பேஷண்ட ஒழுங்கா எழுதி வைக்கறதுதான். வீங்குன அயோர்ட்டாவ எப்ப ஆபரேஷன் பண்றதுன்னு ஒரு கணக்கு உண்டு, சாதாரணமா குறுக்களவு 5.5 சென்டிமீட்டர். 1996லேருந்து பல நாட்டு ஆஸ்பத்திரிங்க சேந்து டிசெக்ஷன் கேஸெல்லாம் ஒரே ரிஜிஸ்டர்ல பதியறாங்க, 2007ல அதை எடுத்துப் பாத்தா மேல்பக்கம், அதாவது இதயத்துலேருந்து மேல ஏறற பகுதி, கிழிஞ்சவங்கள்ல பாதிக்கு மேல 5.5ஐ தொடாதவங்க! வெறும் சைஸ வச்சு எவனுக்கு கிழியும்னு சொல்ல முடியலன்னு ஆயிடுச்சில்ல? 2022 அமெரிக்க கைட்லைன்ல அனுபவமுள்ள டீமா இருந்தா 5லயே பண்ணலாம்னு எறக்கிருக்காங்க. அரை சென்டிமீட்டர் எறக்கறதுக்கு இத்தனை வருஷம், இத்தனை பேரோட வேலை.

பம்ப்பு_ரூம்:
நான் பெர்ஃப்யூஷனிஸ்ட், அதாவது ஆபரேஷன் நடக்கறப்ப ஹார்ட் லங் மெஷின ஓட்டறவன். மேல தம்பி சொன்னது சரி, ஒண்ணு சேத்துக்கங்க. அயோர்ட்டா வளையற எடத்துலேருந்துதான் மூளைக்கு ரத்தம் போகுது, அந்த வளைவ மாத்தணும்னா ஒரு கட்டத்துல ரத்த ஓட்டத்தையே நிறுத்தணும், மூளை என்ன ஆவறது? உடம்ப 20 டிகிரிக்குக் கீழ குளுர வச்சுட்டு பம்ப்ப நிறுத்தி வேலைய முடிக்கலாம்னு கிரீப்னு ஒரு சர்ஜன் 1975ல எழுதுனாரு. இப்ப மூளைக்கு மட்டும் தனியா ரத்தம் விட்டுக்கிட்டே பண்றதால அவ்ளோ குளுர வைக்காம 25, 28லயே நிறுத்தறாங்க. எத்தனை டிகிரி போதும், எத்தனை நிமிஷம் தாங்கும்னு இன்னும் சண்டை ஓயல. நாங்க நிமிஷத்துக்கு நிமிஷம் எழுதற ஷீட்லதான் அதுக்கு பதில் இருக்கு, பாதி எடத்துல கேஸ் முடிஞ்சதும் அது பைலுக்குள்ள போனா அவ்ளோதான்.

நீடா_பையன்:
எல்லாரும் அமெரிக்காவையே சொல்றீங்க, பக்கத்துல திருவனந்தபுரத்த விட்டுட்டீங்களே. அங்க ஸ்ரீசித்ரான்னு மெடிக்கல் ரிசர்ச் இன்ஸ்டிட்யூட், அதுல வலியத்தான்னு ஹார்ட் சர்ஜன், 2024லதான் எறந்தாரு. அமெரிக்காவுல ஹஃப்னாகல்னு ஒரு சர்ஜன்கிட்ட வேலை பாத்தவரு, அந்த ஹஃப்னாகல்தான் 1952லயே அயோர்ட்டாவுக்குள்ள பிளாஸ்டிக் வால்வு வச்ச ஆளு. இங்க வந்தா ருமாட்டிக் காய்ச்சல்ல வால்வு கெட்டுப்போன ஏழைப் புள்ளைங்க வரிசையா நிக்குது, வெளிநாட்டு வால்வு வெல கட்டுப்படியாகல. இஞ்சினியருங்கள வச்சுக்கிட்டு நம்மளே செய்வோம்னு எறங்குனாரு. மொதல் மூணு மாடலும் ஊத்திக்கிச்சு, நாலாவதுதான் நின்னுச்சு, 1990 டிசம்பர்ல மொதல் பேஷண்டுக்கு வச்சாங்க. இன்னைக்கு சித்ரா வால்வு லட்சம் பேருக்கு மேல வச்சாச்சு. டிபேக்கிய விட எனக்கு இவருதான் பெருசு, சண்டைக்கு வராதீங்க.

கோடியக்கரை:
எங்கப்பாவுக்கு இரும்பு வால்வு வச்சிருக்கு, வெளியூர் ஆஸ்பத்திரி ஒண்ணுல பண்ணது. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை தெனமும், ரத்தம் எவ்ளோ சீக்கிரம் உறையுதுன்னு பாக்கற ஐ.என்.ஆர் டெஸ்ட் அடிக்கடி. நடவு, அறுப்புன்னு வந்துட்டா எங்க போறது, ஒரு நாள் கூலி போயிடும், பஸ்ஸுலயே பாதி நாளு ஓடிரும். ஆபரேஷன் பண்ண எடத்துலேருந்து ஆளு இருக்காரா இல்லையான்னு இதுவரைக்கும் ஒரு போனு கெடையாது. இதெல்லாம் ரிசர்ச்ல வருமா?

ஸ்டெர்னம்_வயர்:
@கோடியக்கரை தாராளமா வரும் அண்ணே. டிஸ்சார்ஜ் வரைக்கும் கணக்கு கரெக்டா இருக்கும், அதுக்கப்பறம் வேதாரண்யத்துக்கோ முத்துப்பேட்டைக்கோ போன ஆளு என்ன ஆனாருன்னு தெரியாம 'ஃபாலோ அப் இல்ல'ன்னு ஒரு வரில முடிச்சிருவாங்க. உங்க ஊர் பக்கத்துலயே ஐ.என்.ஆர் பாத்து போன்ல மாத்திரை அளவ சொன்னா என்னன்னு ஒருத்தர் சரியா பண்ணிக் காட்டுனா அது நல்ல பேப்பர்.

வெண்ணாத்தங்கரை:
ரொம்ப நன்றிப்பா. புள்ள பக்கத்துல உக்காந்து எல்லாத்தையும் படிச்சுது, வலியத்தான் கதைய ரெண்டு தடவ படிச்சுது. இப்பவே ஏதாவது பண்ண முடியுமான்னு கேக்குது, இல்ல சீட்டு கெடைச்ச பெறகுதானா?

ஸ்டெர்னம்_வயர்:
இப்பவே பண்ணலாம். எம்.பி.பி.எஸ் புள்ளைங்க பண்ற மாதிரி ஐ.சி.எம்.ஆர்ல, அதாவது மத்திய அரசோட மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்ல, எஸ்.டி.எஸ்னு (STS) ரெண்டு மாச ப்ராஜெக்ட் இருக்கு, அதுக்கு அப்ளை பண்ண சொல்லுங்க. டாபிக்குக்கு எங்கயும் போக வேணாம். டிசெக்ஷன்ல வலி நெஞ்சுலயும் முதுகுலயும் வரும், பாத்தா ஹார்ட் அட்டாக் மாதிரியே இருக்கும், அப்டி நெனச்சு ரத்தக்கட்டிய கரைக்கற ஊசியப் போட்டா ஆளுக்கே ஆபத்து. மேல்பக்கம் கிழிஞ்சு ஆபரேஷன் பண்ணாம விட்டா முதல் ரெண்டு நாள்ல மணிக்கு நூத்துக்கு ஒண்ணு ரெண்டு பேரு போயிடுவாங்கன்னு பழைய கணக்கு. அதனால வலி வந்த நேரம், மொதல்ல போன ஆஸ்பத்திரி, அங்க என்னன்னு நெனச்சாங்க, சிடி எப்ப எடுத்தாங்க, இத மட்டும் பழைய கேஸ் ஷீட்லேருந்து எடுத்தா போதும். கேஸ் கம்மியாதான் கெடைக்கும், பரவால்ல. மெடிசின்லயோ கார்டியாலஜிலயோ ஒரு கைடு புடிச்சுட்டு எத்திக்ஸ் கமிட்டி ஃபாரத்த மொதல்ல வாங்கச் சொல்லுங்க, அதுதான் ரொம்ப இழுக்கும்.